கடற்கரையின் நீளம் எவ்வளவு?

இந்தியாவின் கடற்கரை எவ்வளவு நீளம்? பள்ளிப் பாடப் புத்தகங்களில் பல ஆண்டுகளாக ஒரே பதில்தான் இருந்தது. 7,516 கிலோமீட்டர். தேர்வில் இதை எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும்.

இப்போது அந்த எண் மாறிவிட்டது. மத்திய உள்துறை அமைச்சகத்தின் 2023-24ஆம் ஆண்டு அறிக்கை புதிய கணக்கைச் சொல்கிறது. 11,098 கிலோமீட்டர்! மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கூடிவிட்டது.

கடல் பின்வாங்கியதால் இவ்வளவு கரை கூடியதா? இல்லை. அப்படியானால் முன்பு பொய்க்கணக்கு எழுதினார்களா? அதுவும் இல்லை. இரண்டு முறையும் அளந்துதான் எழுதினார்கள். அளந்த விதம்தான் வேறு.

கடற்கரையின் நீளத்தைக் கயிறு பிடித்து அளப்பதில்லை. வரைபடத்தை வைத்து அளக்கிறார்கள். பழைய கணக்கு 1970களில் எடுத்தது. அந்த வரைபடத்தில் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் 45 கிலோமீட்டர். கடல் நீர் ஊருக்குள் புகுந்து நிற்கும் கழி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் அகலம் 1 கிலோமீட்டர். நேரில் பார்த்தால் பெரிய கழிதான். படகு இல்லாமல் தாண்ட முடியாது. ஆனால் அந்த வரைபடத்தில் அது கால் மில்லிமீட்டர்கூட வராது. பேனாக் கோட்டின் தடிமனுக்குள்ளேயே அது மறைந்துவிடும். அதனால் கழியை விட்டுவிட்டுக் கோட்டை நேராக இழுத்துவிடுவார்கள்.

புதிய கணக்குக்கு வேறு வரைபடம். அதில் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் இரண்டரை கிலோமீட்டர். அதே கழி இங்கே 4 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அளக்கும் கோடு கழிக்குள் ஒரு கரையில் போகிறது. மறு கரையில் திரும்பி வருகிறது. கழிக்கு எவ்வளவு ஆழம் உண்டோ, அதைப் போல இரண்டு மடங்கு நீளம் கூடிவிடும்.

எந்த மாநிலத்தில் எவ்வளவு கூடியது என்று பாருங்கள். மேற்கு வங்கத்தின் கடற்கரை முன்பு 157 கிலோமீட்டர். இப்போது 721. நான்கு மடங்குக்கு மேல்! அங்கே சுந்தரவனக் காடுகள் இருக்கின்றன. அந்தக் காட்டுக்குள் ஆறும் கடலும் பின்னிக் கிடக்கின்றன. எங்கே திரும்பினாலும் ஒரு தீவு, ஒரு ஓடை. குஜராத்தில் 1,214 கிலோமீட்டர் என்பது 2,340 ஆயிற்று. அங்கே கட்ச் வளைகுடாவும் காம்பே வளைகுடாவும் நிலத்தைக் குடைந்து நிற்கின்றன. தமிழ்நாட்டில் 906 என்பது 1,068 ஆயிற்று. கேரளத்தில் மட்டும் 569 என்பது 600 ஆனதோடு சரி. அங்கே கரை பெரும்பாலும் நீண்ட மணல் கரை. நேர்க்கோட்டை எந்தக் கோலால் அளந்தால் என்ன?

சரி, உண்மையான நீளம் எவ்வளவு? இங்கேதான் வேடிக்கை.

கரையோரச் சாலையில் ஒரு பஸ் இரண்டு ஊர்களுக்கு நடுவே 10 கிலோமீட்டர் போகிறது. அதே ஊர்களுக்கு நடுவே ஒருவர் அலை ஓரமாகவே நடக்கிறார். வளைவுக்கு வளைவு திரும்புகிறார். அவருக்கு 13 கிலோமீட்டர் ஆகலாம். ஒரு நண்டு ஒவ்வொரு பாறையையும் சுற்றிக்கொண்டு போனால்? அதற்கு இன்னும் கூடும். எறும்பு போனால் அதைவிடக் கூடும்.

கிணற்றுக் கயிறு இப்படி இல்லை. கயிற்றைத் தரையில் வளைத்துப் போடுங்கள். முழம் போட்டு அளந்து பாருங்கள். பிறகு சாணால் அளங்கள். பிறகு விரலால் அளங்கள். முதலில் கொஞ்சம் கூடும். பிறகு ஓர் இடத்தில் நின்றுவிடும். கயிற்றின் நீளம் அவ்வளவுதான். கடற்கரை நிற்பதில்லை. கோல் சிறுக்கச் சிறுக்க நீளம் கூடிக்கொண்டே போகிறது. காரணம், பெரிய வளைவுக்குள் சிறு வளைவு. சிறு வளைவுக்குள் அதைவிடச் சிறு வளைவு.

இதை நீங்களே தாளில் போட்டுப் பார்க்கலாம். பென்சிலால் 27 சென்டிமீட்டர் கோடு ஒன்று போடுங்கள். அதை மூன்று சம பாகம் ஆக்குங்கள். ஒவ்வொன்றும் 9 சென்டிமீட்டர். நடுப் பாகத்தை அழித்துவிடுங்கள். அங்கே கூரை போல இரண்டு கோடுகளைச் சாய்த்துப் போடுங்கள். அவையும் 9 சென்டிமீட்டர்தான். இப்போது நான்கு கோடுகள். மொத்தம் 36 சென்டிமீட்டர்.

இனி அந்த நான்கு கோடுகளிலும் அதே வேலை. ஒவ்வொன்றின் நடுவிலும் 3 சென்டிமீட்டர் கூரை. இப்போது 16 கோடுகள். மொத்தம் 48 சென்டிமீட்டர். இன்னும் ஒரு முறை செய்தால் 64. பொறுமை உள்ளவர்கள் அடுத்ததையும் போடலாம். 85ஐத் தாண்டும். கோட்டின் இரண்டு முனைகளும் நகரவே இல்லை. அவற்றுக்கு நடுவே அதே 27 சென்டிமீட்டர்தான். ஆனால் கோட்டின் நீளத்துக்கு முடிவே இல்லை. ஸ்வீடன் நாட்டுக் கணித அறிஞர் கோக் என்பவர் 1904இல் இதைக் காட்டினார்.

கடற்கரைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. அது தெரிய வந்த கதை விசித்திரமானது. ரிச்சர்ட்சன் என்று ஓர் ஆங்கிலேயர் இருந்தார். போரை வெறுத்தவர். நாடுகள் ஏன் சண்டை போடுகின்றன என்று ஆராய்ந்தார். எல்லை நீளமாக இருந்தால் சண்டை அதிகம் வருமோ என்று பார்க்க, எல்லைகளின் நீளத்தைத் திரட்டினார். ஸ்பெயினும் போர்ச்சுகலும் பக்கத்துப் பக்கத்து நாடுகள். நடுவே எல்லை 987 கிலோமீட்டர் என்றது ஸ்பெயின். 1,214 என்றது போர்ச்சுகல். ஒரே எல்லைதானே! ஒருவர் பெரிய கோலால் அளந்தார், மற்றவர் சிறிய கோலால் அளந்தார் என்றால்தான் இது புரியும். ரிச்சர்ட்சன் 1953இல் இறந்தார். அவர் எழுதி வைத்தது 1961இல்தான் வெளிவந்தது.

அதைப் படித்த மாண்டெல்பிராட் என்ற கணித அறிஞர், 1967இல் பிரிட்டன் கடற்கரையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1975இல் இப்படிப்பட்ட வடிவங்களுக்கு ஒரு பெயரும் வைத்தார். ஃபிராக்டல். லத்தீன் மொழியில் உடைந்தது என்று பொருள் தரும் சொல்லிலிருந்து எடுத்த பெயர்.

ஃபிராக்டல் பார்க்கக் கடலுக்குப் போக வேண்டாம். முருங்கைக் கீரை ஆய்கிறீர்களே, அதைப் பாருங்கள். ஒரு தண்டு. அதில் இரு பக்கமும் காம்புகள். ஒரு காம்பைப் பிய்த்துப் பார்த்தால், அதுவே ஒரு சிறு தண்டு போல இருக்கும். அதிலும் இரு பக்கமும் காம்புகள். காலிபிளவரில் ஒரு துண்டு உடைத்தால், அது ஒரு குட்டிக் காலிபிளவர்.

கம்ப்யூட்டரில் படம் வரைபவர்கள் இந்த வித்தையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கோடு. அதன் நடுவைச் சற்று மேலே தள்ளு, அல்லது கீழே இழு. இரண்டு பாதிகளிலும் அதையே செய், ஆனால் கொஞ்சம் குறைவாக. திரும்பத் திரும்பச் செய். கம்ப்யூட்டருக்குச் சலிப்பு கிடையாது. சில நூறு முறை செய்ததும் நிஜ மலை போலவே ஒரு மலை எழுந்து நிற்கும். 1982இல் ஸ்டார் டிரெக் வரிசையில் இரண்டாவதாக வந்த அமெரிக்கப் படத்தில் ஒரு கிரகத்தின் மலைகளை இப்படித்தான் எழுப்பினார்கள். இன்று சினிமாவில் நாம் பார்க்கும் மலைகளில் எது நிஜம் என்று சொல்வது கடினம்.

நம் கடற்கரைக்குத் திரும்புவோம். கடல் அரிப்பில் வீட்டை இழந்தவர் இந்தப் புதிய எண்ணைக் கேட்டால் என்ன நினைப்பார்? “என் வீடு கடலுக்குள் போய்விட்டது. கரை கூடிவிட்டது என்கிறார்களே?” என்று கேட்பார். அந்தக் கேள்வி நியாயமானது. 7,516ஐயும் 11,098ஐயும் பக்கத்தில் வைத்துக் கரை வளர்ந்தது என்று சொல்லக் கூடாது. தேய்ந்தது என்றும் சொல்ல முடியாது. அரிப்பை அறிய வேறு வழி வேண்டும். ஒரே இடத்தை, ஒரே அளவுகோலில், பழைய படத்தோடும் புதிய படத்தோடும் ஒப்பிட வேண்டும். தண்ணீர் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் அப்படிப் பார்த்தது. 1990 முதல் 2018 வரை எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டார்கள். தீவுகளை விட்டுவிட்டு நாட்டின் கரையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நூறு கிலோமீட்டருக்கு 33 கிலோமீட்டருக்கு மேல் அரிபட்டிருந்தது. ஏறக்குறைய 27 கிலோமீட்டரில் புதிதாக மணல் சேர்ந்திருந்தது. மீதிக் கரை இருந்தபடியே இருந்தது.