யார் ஒதுங்குவது?

தெமோதரை ஸ்டேஷன் மாஸ்டரின் காலுக்குக் கீழேயே கோச்சி ஓடும். பதுளைப் பக்கம் புறப்பட்ட வண்டி மலையைச் சுற்றி இறங்கி, ஸ்டேஷனுக்கு நேர் கீழே இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைந்து போகிறது. போய்விட்டது என்று நினைத்த வண்டியின் சத்தம் பூமிக்கடியிலிருந்து கேட்கும்போது உல்லாசப் பயணிகள் கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் காட்டித்தான் எஞ்சினியர் விமலசுரேந்திரவுக்கு இந்த யோசனை வந்தது என்ற கதையையும் பக்கத்தில் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கதை நம் ஆட்களுக்குப் பிடிக்கும், பிடிக்காமல் எப்படி?

இதைவிட வேடிக்கையான விஷயம் ஒன்று ஸ்டேஷன் மாஸ்டரின் அறைக்குள் நடக்கிறது. கீழே வண்டி ஓடும் அந்த நேரத்தில் டிரைவர்களுக்குக் கொடுக்கும் அனுமதித் தகடுகள் உள்ள அவருடைய டேப்லட் பெட்டி பூட்டிக் கிடக்கும். வண்டி காலடியில்தான் இருக்கிறது, சத்தமும் கேட்கிறது. ஆனாலும் அது அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்து, டிரைவர் கொண்டுபோன வட்டத் தகடு அங்குள்ள பெட்டிக்குள் விழும்வரை, இன்னொரு வண்டியை அந்தப் பக்கம் அனுப்ப அவரால் முடியாது.

ஒரே வழியில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்குவது? தோட்டத்து ரோட்டில் வளர்ந்தவர்களுக்கு இதன் பதில் தெரியும். கொழுந்து லொறி ஏறிக்கொண்டிருந்தால் இறங்கி வரும் வேன்தான் ஒதுங்க வேண்டும். இது மரியாதைக்காக வந்த வழக்கம் அல்ல. பாரத்தோடு ஏறும் லொறி ஒருமுறை நின்றுவிட்டால், மறுபடி நகர எஞ்சின் தன் முழு பலத்தையும் கொடுக்க வேண்டும். அதற்குள் வண்டி பின்னால் உருளவும் கூடும். இறங்கும் வேன் நின்று புறப்படுவது அதைவிட எளிது. இந்தியாவின் 1989ஆம் ஆண்டு வீதி ஒழுங்குவிதிகளில் இதை எழுதியே வைத்திருந்தார்கள்: குறுகலான மலைப்பாதையில் ஏறும் வாகனத்துக்கே முதல் இடம். ஒதுங்க முடிந்தவன் ஒதுங்க வேண்டும், முடியாதவனுக்கு வழி விட வேண்டும் என்பதுதான் கணக்கு.

பாய்மரப் படகுப் பந்தயத்திலும் இதே கணக்குத்தான், கொஞ்சம் சிக்கலாக. கடலில் கோடு போட்ட பாதை கிடையாது. பத்துப் படகுகள் ஒரே மிதவையை நோக்கிப் பாயும். எஞ்சின் இல்லை, பிரேக் இல்லை, காற்று வரும் திசையை நோக்கி நேராகப் போகவும் முடியாது. அதனால் முதல் விதி காற்றைப் பார்க்கிறது. வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகுக்கு வழி உண்டு. இடப்பக்கத்திலிருந்து வாங்கும் படகு விலக வேண்டும். இதில் விஞ்ஞானம் எதுவும் இல்லை, யாராவது ஒருவர் விலகியாக வேண்டும் என்பதற்காக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். இரண்டாவது விதியில்தான் காற்றின் வேலை தெரிகிறது. இரண்டு படகுகளும் ஒரே பக்கக் காற்றில் பக்கம்பக்கமாகப் போனால், காற்று வரும் பக்கத்தில் உள்ள படகு விலக வேண்டும். ஏனென்றால் அதன் பாய் மற்றதற்குப் போக வேண்டிய காற்றை மறித்துவிடும். காற்றிழந்த படகுக்கு வேகமும் போகும், திரும்பும் சக்தியும் போகும். நல்ல காற்றில் இருப்பவனுக்கே விலக வசதி அதிகம்.

டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் தனியாள் படகு ஓட்டிய வேலூர் விஷ்ணு சரவணனும் சென்னை நேத்ரா குமணனும் இந்த விதிகளைத் தலைகீழாகப் படித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். இந்த விளையாட்டில் ஒவ்வொரு படகின் பக்கத்திலும் நடுவர் நின்று விசில் ஊதுவதில்லை. பிழை செய்தவர் தானாகவே படகை இரண்டு சுற்றுச் சுற்றித் தண்டனையை முடித்துக்கொண்டு ஓட்டத்தைத் தொடர வேண்டும். செய்யாவிட்டால் மற்றவர் ‘புரொட்டெஸ்ட்’ என்று உடனே கத்த வேண்டும். பெரிய படகானால் சிவப்புக் கொடியும் காட்ட வேண்டும். கரைக்கு வந்தபின் விசாரணை. அங்கே இருவரும் ‘நான்தான் முன்னால் இருந்தேன்’ என்பார்கள். தண்ணீரில் டயர்த் தடம் பதியாதே.

இந்தச் சண்டைகளில் பேர்போனது 1934ஆம் ஆண்டு அமெரிக்கக் கிண்ணப் போட்டி. பிரித்தானியாவின் ‘எண்டெவர்’ படகில் விமானத் தயாரிப்பாளர் சாப்வித். அமெரிக்காவின் ‘ரெயின்போ’வில் கோடீஸ்வரர் ஹரோல்ட் வாண்டர்பில்ட். நான்காவது பந்தயத்தில் காற்றுப் பக்கமாக முந்த வந்த ரெயின்போவை நோக்கி எண்டெவர் திரும்பியது. அதற்கு அந்த உரிமை இருந்தது. ரெயின்போ அசையவில்லை. இரண்டுமே நூறு தொன்னைத் தாண்டிய படகுகள். மோதினால் ஆள் சாகும் என்று சாப்வித்தே விலகிக்கொண்டார். பிறகு முறைப்பாட்டுக் கொடியை ஏற்றினார், ஆனால் பந்தயம் முடியும் தறுவாயில். ‘உடனே ஏற்றவில்லை’ என்று குழு விசாரிக்கவே மறுத்துவிட்டது. கிண்ணம் 4–2 என்று அமெரிக்காவிலேயே தங்கியது. அதே வாண்டர்பில்ட் பின்னர் உட்கார்ந்து வழி உரிமை விதிகளைப் புதிதாக எழுதினார். இன்றைய பந்தய விதிகளுக்கு அவர் எழுதியதுதான் அடித்தளம். கொன்ட்ராக்ட் பிரிட்ஜ் சீட்டாட்டத்தின் புள்ளிக் கணக்கை வகுத்தவரும் அவரே. மனுஷருக்கு விதி எழுதுவதில் ஓர் ஆசை.

அன்று சாப்வித் செய்தது சரி என்பதே என் கட்சி. இன்றைய விதியும் அதையே சொல்கிறது: வழி உரிமை உனக்கே இருந்தாலும், தவிர்க்க முடிகிற மோதலைத் தவிர்க்க வேண்டியது உன் கடமை.

இந்தக் கடமையைக் கோச்சி டிரைவரிடம் சொல்லிப் பயனில்லை. அவரால் இடமும் வலமும் திரும்ப முடியாது. நிறுத்தவாவது முடியுமா? இரும்புச் சக்கரம் ஈரத் தண்டவாளத்தைப் பிடிக்கும் பிடி, ரப்பர் டயர் காய்ந்த தார் ரோட்டைப் பிடிக்கும் பிடியில் கால் பங்குகூட இருக்காது. நமது மலைப்பாதையின் கடும் சரிவு 44 அடிக்கு ஓர் அடி. 300 தொன் வண்டி ஒன்றை அந்தச் சரிவு ஏறக்குறைய 7 தொன் விசையோடு கீழே இழுத்துக்கொண்டேயிருக்கும். வளைவுகளோ வெறும் நூறு மீற்றர் ஆரம் கொண்டவை. எதிரே வருவது கண்ணில் படும்போது காலம் கடந்திருக்கும்.

ஆகவே ரயில்காரர்கள் வழி உரிமையை ஆட்களின் கண்ணிலும் நிதானத்திலும் விடாமல், கையில் பிடிக்கும் பொருளாகவே ஆக்கிவிட்டார்கள். 1874இல் இங்கிலாந்தின் தோர்ப் என்ற இடத்தில், தந்திச் செய்திக் குழப்பத்தால் ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தார்கள். அதன் பிறகு எட்வர்ட் டையர் உருவாக்கிய கருவிதான் இந்த டேப்லட் பெட்டி. அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களில் ஒவ்வொரு பெட்டி, நடுவே மின்கம்பி. மறுமுனையில் இருப்பவர் சம்மதித்து மின்சாரம் அனுப்பினால்தான் இங்கே ஒரு தகடு வெளியே வரும். வந்த நிமிடமே இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அந்தத் தகடு ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பப் போகும்வரை இன்னொன்று வராது. தகடு கையில் இல்லாத டிரைவர் புறப்படக் கூடாது. பெரிய வளையத்தில் கட்டிய தோல் பையை மேடையில் நின்று நீட்டுவதும், ஓடும் எஞ்சினிலிருந்து கையை விட்டு வாங்குவதும் இதற்காகத்தான்.

இவ்வளவு இருந்தும் 1921இல், எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே ஒன்பது வளைவுப் பாலம் முடிந்த அதே ஆண்டில், வேல்ஸ் நாட்டின் அபர்மியூல் ஸ்டேஷனில் கருவி தோற்றது. உண்மையில் தோற்றது கருவி அல்ல. வந்த வண்டியிடம் வாங்கிய பழைய தகட்டையே, அடுத்த பகுதிக்கான தகடு என்று எண்ணி அதே டிரைவரிடம் கொடுத்துவிட்டார்கள். தகட்டில் ஸ்டேஷன் பெயர் பொறித்திருந்தது. கொடுத்தவரும் படிக்கவில்லை, வாங்கியவரும் படிக்கவில்லை. எதிரே எக்ஸ்பிரஸ், சரியான தகட்டோடு. 17 பேர் இறந்தார்கள். இடிபாடுகளுக்குள்ளிருந்து எடுத்த அந்தத் தவறான தகடே சாட்சி. படகுக்காரர்களுக்குக் கிடைக்காத சாட்சி. சரியான தகடு வெளியே வராமல் புறப்பாட்டுக் கைகாட்டி இறங்காதபடி இரண்டையும் பிணைக்க வேண்டும் என்பது அந்த விபத்து விட்டுப்போன பாடம்.

எல்லவிலிருந்து தெமோதரைவரை தண்டவாளத்தில் நடந்து படம் எடுப்பது இப்போது பெரிய மோகமாகிவிட்டது. வெளிநாட்டுக்காரரைப் பார்த்து நம் பிள்ளைகளும் போகிறார்கள். தகடு டிரைவரிடம் இருக்கிறது, வழி அவருடையது. ஒதுங்க முடியாதவரும் அவரே, முடிந்தவர் நீங்கள். ஹோர்ன் கேட்கும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே பாதையை விட்டு இறங்கி நில்லுங்கள். வண்டிக்குள் இருந்தால், ஸ்டேஷன் வரும்போது மிதிபலகையில் தொங்காதீர்கள். மேடையில் வளையத்தோடு ஒருவர் கை நீட்டிக்கொண்டு நிற்பார்.