சூடேறும் காரும் கரையும் முதலும்

கடைக்குச் சாமான் ஏற்ற, ஓடர் எடுக்க, வசூலுக்குப் போக என்று நம்மில் பலர் இன்றும் நம்பியிருப்பது ஒரு பழைய சின்னக் காரைத்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022இல் ரூபாவின் மதிப்பும் சரிந்துவிட்டது. ஆகவே கையிலிருக்கும் மாருதி 800ஐ இன்னும் சில வருடங்கள் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் பலர் இருக்கிறார்கள்.

இந்தக் காரை ஒரே நாளில் படுக்க வைப்பது எது? எஞ்சின் சூடேறுவதுதான். 796 சிசி, மூன்று சிலிண்டர் கொண்ட சின்ன எஞ்சின் இது. அதற்கேற்ற சின்ன ரேடியேட்டர். அது கொள்ளும் தண்ணீரும் சில லீற்றர்தான். அதில் ஒரு லீற்றர் குறைந்தாலே ஆபத்து. சிலிண்டர் ஹெட் அலுமினியம் என்பதால் அளவுக்கு மீறிச் சூடேறினால் வளைந்துவிடும். பிறகு கெஸ்கட் போகும், ஒயிலும் தண்ணீரும் கலக்கும். ஒரு மூடியோடு முடிய வேண்டிய செலவு எஞ்சினைக் கழற்றும் வரை போய்விடும்.

கார் சூடேறியதும் "ரேடியேட்டரை மாற்றுங்கள்" என்று சொல்லும் பாஸ்மாரும் இருக்கிறார்கள். பணத்தைக் கொடுக்கு முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கார் எப்போது சூடேறுகிறது?

புறக்கோட்டை நெரிசலில் நிற்கும்போது சூடேறி, ஓடத் தொடங்கியதும் இறங்குகிறதா? அப்படியானால் மின்விசிறியில் சந்தேகப்படுங்கள். மீட்டர் நடுவைத் தாண்டியும் விசிறி சுழலவில்லையென்றால் முதலில் பியூஸைப் பாருங்கள். காபரேட்டர் உள்ள பழைய மொடல்களில் வெப்ப சுவிட்சின் இரண்டு வயர்களையும் இணைத்துப் பார்க்கலாம். விசிறி சுழன்றால் சுவிட்ச்தான் பழுது. சுழலாவிட்டால் மோட்டரையோ வயரையோ பார்க்க வேண்டும்.

நெரிசலில் ஒன்றுமில்லை, கடுகண்ணாவை ஏற்றத்தில் சாமானோடு ஏறும்போதுதான் முள் ஏறுகிறதா? ரேடியேட்டர் உள்ளே அடைபட்டிருக்கலாம், அல்லது வெளியே தகடுகளில் மண் நிறைந்திருக்கலாம். யாழ்ப்பாணம், புத்தளம் போன்ற சுண்ணாம்புக்கல் பிரதேசங்களின் கிணற்று நீரை ஊற்றி வந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவுதான் ரேடியேட்டர் குழாய்களையும் அடைக்கிறது.

ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே முள் ஏறி, ரேடியேட்டர் மட்டும் குளிர்ந்தே இருக்கிறதா? தேர்மோஸ்டட் திறக்கவில்லை. அதைக் கழற்றி நூலில் கட்டிக் கொதிநீரில் தொங்க விட்டால் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் புதியது போடுங்கள். "நமது நாட்டுக்கு இது தேவையில்லை" என்று கழற்றி எறிவது நல்லதல்ல. எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் பெற்றோலைக் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

தண்ணீர் அடிக்கடி குறைகிறதா? ஹோஸ், வாட்டர் பம்ப், ரேடியேட்டரின் ஓரங்கள் ஆகியவற்றில் கசிவைத் தேடுங்கள். பெல்ட் தளர்ந்தாலும் பம்ப் ஒழுங்காகச் சுழலாது. வெளியே ஒரு துளியும் கசியாமல் குறைந்தால்தான் கெஸ்கட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். ஒயில் மூடியின் உட்புறம் பால்தேநீர் நிறப் பசை, ரேடியேட்டரில் ஓயாத குமிழி, புகைக்குழாயில் நிற்காத வெள்ளைப் புகை ஆகியவை அதன் அடையாளங்கள்.

எல்லாவற்றிலும் மலிவானதும், நாம் கவனிக்காததும் ரேடியேட்டர் மூடிதான். அது வெறும் மூடியல்ல, அமுக்கத்தைப் பிடித்து வைக்கும் வால்வு. சாதாரணமாக 100 பாகையில் கொதிக்கும் நீர், நல்ல மூடியின் கீழ் 115 பாகையைத் தாண்டித்தான் கொதிக்கும். நுவரெலியா உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். மலைநாட்டுப் பக்கம் வியாபாரம் செய்பவர்களுக்கு நல்ல மூடி எவ்வளவு அவசியம் என்பது இதிலிருந்தே புரியும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் உடனே மாற்றுங்கள். பஞ்சிகாவத்தையில் பழைய பாகம் தேடலாம். ஆனால் மூடி, தேர்மோஸ்டட், ஹோஸ் மூன்றையும் புதிதாகவே வாங்குங்கள்.

வழியில் முள் சிவப்புக்கு வந்தால் "இன்னும் கொஞ்சத் தூரம்தானே" என்று ஓட்டாதீர்கள். ஏசியை நிறுத்தி, ஓரமாக்கி, எஞ்சினை அணையுங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கக்கூடும். குறைந்தது அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். பிறகு துணியைப் போட்டு மெதுவாகத் திறந்து, சிறிது சிறிதாக நிரப்புங்கள்.

பழுது பார்த்த பின் கூலன்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாக ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். அதன் பிறகு வாரம் ஒரு முறை, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் மட்டத்தைப் பார்த்தால் போதும். கடையில் தினமும் கல்லாவை எண்ணுகிறோம். அந்தக் கல்லாவுக்குப் பணம் கொண்டு வரும் காருக்கு வாரத்தில் இரண்டு நிமிடம் ஒதுக்குவது பெரிய காரியமல்ல.