காந்தத் தூளை ஜீரணிக்கும் செல்கள்!

“வைத்தியரய்யா, இரும்புத் தூளை நரம்புல ஏத்திட்டாங்க. அதுவும் காந்த இரும்பாம்! இனிமே ஸ்கேன் மெஷின் பக்கம் போனா என்னை இழுத்துக்குமா?”

அமெரிக்காவில் மகன் வீட்டில் தங்கியிருக்கும் ஓர் அம்மா போனில் கேட்ட கேள்வி இது. சிறுநீரகம் பழுதாகி, கூடவே இரத்தசோகையும் சேர்ந்துகொண்டது. இரும்பு மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அங்குள்ள டாக்டர் ஃபெருமாக்ஸிடால் என்ற மருந்தை டிரிப்ஸில் ஏற்றியிருக்கிறார். ‘அது மேக்னட்’ என்று யாரோ சொல்லப்போக, அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

சொன்னவர் சொன்னது முழுப்பொய் இல்லை. 2009-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மருந்து, இரும்பு ஆக்ஸைடின் மிக நுண்ணிய துகள்தான். மேலே மாவுச்சத்து மாதிரி ஒரு போர்வை. நம் தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஒரு துகள் இருக்காது. பக்கத்தில் காந்தம் இருக்கும்வரை இதற்கும் காந்த குணம் உண்டு. காந்தம் விலகினால் சாதுவாகிவிடும்.

சரி, உள்ளே போன துகள் என்ன ஆகிறது?

நம் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையில் மேக்ரோபேஜ் என்ற செல்கள் இருக்கின்றன. இவற்றுக்கு இரும்பு ஒன்றும் புதுச்சரக்கு இல்லை. இரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். வயதான அணுக்களை விழுங்கி, தினமும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பை மீட்டுத் தருவது இவைதான். நீங்கள் சாப்பிடும் கீரையிலும் பேரீச்சையிலும் இருந்து உடம்பு எடுத்துக்கொள்வது நாளைக்கு வெறும் 1, 2 மில்லிகிராம்தான்!

அதே செல்தான் இந்தத் துகளையும் விழுங்குகிறது. தன் சவ்வையே உள்பக்கமாகக் குழித்து, துகளை ஒரு குட்டிப் பைக்குள் கட்டிப் போடுகிறது. அந்தப் பை, லைசோசோம் என்ற இன்னொரு பையோடு சேர்கிறது. அதுதான் செல்லின் வயிறு. உள்ளே தக்காளிச் சாறு அளவுக்குப் புளிப்பு. துருப்பிடித்த இரும்புச் சட்டியைப் புளி போட்டுத் தேய்க்கிறீர்களே, அதே வேலைதான். முதலில் போர்வை கழன்றுவிடுகிறது, பிறகு இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது.

கரைந்த இரும்பைச் சும்மா விட்டால் செல்லையே அரித்துவிடும். அதனால் ஃபெரிட்டின் என்ற புரதக் கூண்டில் அடைக்கிறது செல். ஒரு கூண்டில் 4,500 இரும்பு அணுக்கள் வரை கொள்ளும்! தேவைப்படும்போது கதவைத் திறந்து இரத்தத்தில் விட, டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் சுமந்து போய் மஜ்ஜையில் சேர்க்கிறது. அங்கே புது சிவப்பணு பிறக்கிறது.

பாரிஸில் கிளேர் வில்ஹெல்ம் என்ற பெண் விஞ்ஞானியின் குழு, மனித ஸ்டெம் செல்களுக்குள் இத்தகைய துகள்களை விட்டுப் பார்த்தது. சில நாட்களிலேயே காந்த சக்தி பெருமளவு இறங்கிவிட்டதாக 2016-ல் எழுதினார்கள். 2019-ல் வந்த செய்திதான் வேடிக்கை. இறங்கிய காந்த சக்தி சில செல்களில் திரும்ப ஏறியதாம்! கரைந்த இரும்பைக் கொண்டு செல்லே புதுக் காந்தத் துகளைச் செய்துகொண்டிருக்கிறது.

“நம்ம காந்தச் செந்தூரமும் இதுதானே டாக்டர்?” என்று நீங்கள் கேட்கப் போவது தெரியும். காந்தக் கல்லைச் சுத்தி செய்து, சாறு விட்டு அரைத்து, புடம் போட்டு எடுப்பது செந்தூரம். அது வாய்வழி போகிறது. வேண்டிய அளவு இரும்பை மட்டும் உள்ளே விட குடலில் ஒரு காவல் இருக்கிறது. ஊசி அந்தக் காவலைத் தாண்டி நேரே இரத்தத்தில் இறங்குகிறது. இரண்டும் ஒன்றல்ல. ‘சித்தர்கள் அன்றே நானோ கண்டார்கள்’ என்று எங்கள் ஆட்களே மேடையில் முழங்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும்.

இன்னொரு விஷயம். உள்ளே வந்த இரும்பை வெளியே தள்ள உடம்புக்குத் தனி வழி கிடையாது. தொழிலுக்கு வந்த புதிதில், வெளுத்துப்போய் வந்த ஒரு பையனுக்கு இரண்டு மாதம் அயச்செந்தூரம் கொடுத்தேன். வெளுப்பு மாறவேயில்லை. இரத்தப் பரிசோதனை செய்தால், தலசீமியா வகை! ஏற்கெனவே இரும்பு தேங்கிக் கிடந்த உடம்பில் நான் மேலும் ஏற்றியிருக்கிறேன். உடனே நிறுத்தி, இரத்தநோய் நிபுணரிடம் அனுப்பினேன். அன்றிலிருந்து ஃபெரிட்டின் டெஸ்ட் பார்க்காமல் யாருக்கும் இரும்பு கொடுப்பதில்லை. நீங்களும் செந்தூரமோ மாத்திரையோ கடையில் வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடாதீர்கள்.

ஊசியிலும் ஆபத்து உண்டு. கடும் அலர்ஜி வரலாம் என்று 2015-ல் அமெரிக்காவில் எச்சரிக்கையைக் கூட்டினார்கள். மெதுவாக ஏற்றி, அப்புறம் அரை மணி நேரமாவது பக்கத்தில் வைத்துக் கவனிக்க வேண்டும்.

ஸ்கேன்? எம்.ஆர்.ஐ. மெஷின் இந்தத் துகளைப் பிடித்து இழுக்காது. ஆனால் மூன்று மாதம் வரை படம் மாறித் தெரியலாம். ஊசி போட்ட தேதியைச் சொல்லிவிட்டால் போதும், டாக்டர் அதற்கேற்பப் பார்த்துக்கொள்வார்.

இதையெல்லாம் விளக்கிய பிறகும் அந்த அம்மா விடவில்லை. “அப்ப நிஜமாவே இழுக்காதுல்ல?”

“உங்களை இழுக்காதும்மா. ஆனா தலையில இருக்கிற கொண்டை ஊசியைக் கழட்டி வச்சுட்டுப் போங்க. அதை இழுக்கும்!”