கேசட் மோட்டாரும் பாட்டியின் சுருதியும்

கேசட் பிளேயருக்குள்ள ஒரே ஒரு சின்ன டிசி மோட்டார்தான் எல்லா வேலையும் பார்க்குது. ஒரு ரப்பர் பெல்ட், ஒரு ஃப்ளைவீல், அதன் நடுவுல கேப்ஸ்டன் என்கிற மெல்லிய எஃகுக் கம்பி. இந்தக் கம்பிதான் டேப்பை வினாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் இழுக்கணும். பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் கேசட்டைக் கொண்டுவந்தபோது வைத்த கணக்கு அது. இன்றுவரை மாறவில்லை.

வேகம் கொஞ்சம் மாறினா என்ன? சினிமாப் பாட்டுன்னா பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. கச்சேரின்னா மயிலாப்பூர்ல பத்து பேருக்காவது தெரிஞ்சுடும். வேகம் 6 சதவீதம் குறைஞ்சா சுருதி ஒரு ஸ்வரஸ்தானம் இறங்குது, அதாவது அரைக் கட்டை. 3 சதவீதம்னா கால் கட்டை. ரெண்டு கட்டையில் பாடினவர் ஒன்றே முக்கால் கட்டையில் பாடுவதாகக் கேட்கும். குரலும் கொஞ்சம் களைச்ச மாதிரி ஆகும். பாடினவர் மேல தப்பே இல்லை, மோட்டார் அசந்துபோச்சு.

என் கையில் இருப்பது கச்சேரிப் பதிவு இல்லை. என் பாட்டி வீட்டில் பாடியதை அப்பா பதிவு செய்த ஒரு சி-60 கேசட். அவர் குரல் வேறெங்கும் இல்லை, பிரதியும் கிடையாது. அதைக் கணினியில் ஏற்றணும். வீட்டு பிளேயரில் மோட்டாருக்கான வேகக் கட்டுப்பாட்டு போர்டு செத்துப்போயிருந்தது. மோட்டார் மட்டும் நல்லா இருக்கு. சரி, அந்த போர்டு செய்த வேலையை ஒரு மைக்ரோகன்ட்ரோலர் செய்யட்டும்னு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். "இதையெல்லாம் ஆடாசிட்டியில் சரி பண்ணிக்கலாமே" என்று கேட்பீர்கள். ஒரே அளவான வேகப் பிழைன்னா பண்ணலாம். பாட்டு நடுவுல வேகம் ஏறி இறங்கினா அதைத் துரத்திப் பிடிக்கிறது பெரும்பாடு. டேப்பை பிளேயர் மென்று தின்னுட்டா எந்த மென்பொருளும் உதவாது.

முதலில் மோட்டார் ஏன் அசந்துபோகுதுன்னு பார்க்கலாம். டிசி மோட்டார் சுற்றும்போது அதுவே ஒரு ஜெனரேட்டரும்கூட. நாம கொடுக்கிற வோல்டேஜுக்கு எதிராக ஒரு வோல்டேஜை அது உண்டாக்குது. வேகம் எவ்வளவோ அந்த எதிர் வோல்டேஜும் அவ்வளவு. மிச்ச வோல்டேஜ் சுருளின் மின்தடையில் செலவாகுது. என் மோட்டாரில் சுருளின் தடை 15 ஓம். 6 வோல்ட் கொடுத்தால் 60 மில்லிஆம்பியர் இழுக்குது. அப்போ தடையில் போவது 0.9 வோல்ட், எதிர் வோல்டேஜ் 5.1. இப்போ கேசட் கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றுதுன்னு வைங்க. கூடுதல் முறுக்குவிசை வேணும், அதுக்குக் கூடுதல் மின்னோட்டம் வேணும். 90 மில்லிஆம்பியர் ஆச்சுன்னா தடையில் 1.35 வோல்ட் போயிடும், எதிர் வோல்டேஜுக்கு 4.65 தான் மிச்சம். வேகம் கிட்டத்தட்ட 9 சதவீதம் விழுந்துடும். முக்கால் கட்டை காலி!

இந்தக் கணக்கிலேயே விடையும் இருக்கு. மோட்டார் மேல எவ்வளவு பாரம் இருக்குன்னு தெரிய தனியா சென்சார் வேண்டாம், மின்னோட்டமே அதைச் சொல்லிடும். மின்னோட்டம் 30 மில்லிஆம்பியர் ஏறினா வோல்டேஜை 0.45 ஏத்திக் கொடு, வேகம் பழைய இடத்துக்கு வந்துடும். பழைய டேப்ரிக்கார்டர் மோட்டாருக்குப் பின்னால இருந்த சின்ன ஐசி இதைத்தான் செஞ்சுட்டு இருந்தது. மோட்டார் பின்பக்க ஓட்டை வழியா மெக்கானிக் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகுவாரே, அது இந்தக் கட்டுப்பாட்டின் வேகத்தை அமைக்கிற திருகு.

நான் வச்சிருப்பது ஆர்டுயினோ, ஒரு லாஜிக் லெவல் மாஸ்ஃபெட், ஒரு டையோடு, 9 வோல்ட் சப்ளை. கடையில் மோட்டார் டிரைவர்னு கேட்டா முதலில் நீட்டுவது எல்298என் போர்டுதான். ஒரே பக்கம் சுத்துற சின்ன மோட்டாருக்கு அது வேண்டாம், நடுவுல ரெண்டு வோல்ட் வரை அதுவே சாப்பிட்டுடும்.

மின்னோட்டத்தை அளக்க 1 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 60 மில்லிஆம்பியருக்குக் கிடைப்பது 60 மில்லிவோல்ட். ஆர்டுயினோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்குது, ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். நம்ம சிக்னல் மொத்தமே 12 படி! உள்ளே இருக்கிற 1.1 வோல்ட் ரெஃபரன்ஸுக்கு மாத்தினா 56 படி கிடைக்கும், பரவாயில்லை. நான் ஐஎன்ஏ219 மாட்யூலுக்குப் போயிட்டேன். அதில் 0.1 மில்லிஆம்பியர் வித்தியாசம் வரை தெரியுது, சராசரியும் அதுவே எடுத்துத் தருது. ஒரு விஷயம் கவனிக்கணும். பிடபிள்யூஎம்-ல் மாஸ்ஃபெட் அணையும் நேரத்திலும் மோட்டாரில் மின்னோட்டம் ஓடும், டையோடு வழியா. அளக்கிற ரெசிஸ்டர் அந்தச் சுற்றுக்குள்ள இருக்கணும். வெளியே இருந்தா பாதி நேரம் பூஜ்யத்தைத்தான் அளப்பீங்க.

அடுத்தது சத்தம். ஆர்டுயினோவின் பெரும்பாலான பின்களில் பிடபிள்யூஎம் தானாக 490 ஹெர்ட்ஸில் ஓடும். அது ஏறக்குறைய ஏழு கட்டை ஷட்ஜம். மோட்டார் கம்பியிலிருந்து அது பிளேபேக் ஹெட்டுக்குத் தாவி, பாட்டிக்குப் பக்கத்தில் யாரோ விடாமல் ஆதாரம் பிடிக்கிற மாதிரி இருக்கும். டைமரை மாத்தி 31 கிலோஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனால் காதுக்கு எட்டாது. ஒரு சின்ன காயிலும் கெபாசிட்டரும் சேர்த்தால் இன்னும் நல்லது.

வோல்டேஜை ஏத்திக் கொடுப்பதிலும் பேராசை கூடாது. பாரம் கூடினால் வோல்டேஜ் கூடும், வோல்டேஜ் கூடினால் மின்னோட்டம் கூடும், அதைப் பார்த்து மறுபடி வோல்டேஜ் கூடும். உண்மையான தடையைவிட அதிகமாக ஈடு செய்தால் வேகம் அலைபாய ஆரம்பிச்சுடும், கமகமே இல்லாத இடத்தில் கமகம் வரும். செம்புச் சுருள் சூடேறினால் அதன் தடையும் ஏறும், 20 டிகிரிக்கு 8 சதவீதம் போல. அதனால கணக்குப்படி வர்றதில் 80 சதவீதம் மட்டும் கொடுக்கிறேன். மிச்சத்தை ஃப்ளைவீல் பார்த்துக்குது.

பாரத்தை அளப்பதில் எனக்கு வேகத்தைவிட முக்கியம் காவல் வேலை. டேப் கேப்ஸ்டனில் சுருட்டிக்கொண்டால் மின்னோட்டம் ஏறும். வழக்கத்தைவிட 40 சதவீதம் மேலே போய் 0.3 வினாடி நின்றால் மோட்டாரை நிறுத்திடு என்று எழுதியிருக்கேன். பெல்ட் அறுந்தால் எதிர்மாறாக மின்னோட்டம் சட்டுனு விழும், அப்பவும் நிறுத்தணும். ஆனா இதை மட்டும் நம்ப முடியாது. டேப்பைச் சுருட்டி எடுக்க வேண்டிய ரீல் நின்றுபோனால், மின்னோட்டத்தில் உடனே பெரிய மாற்றம் வராது. அது ஏறும்போது ஒரு சாண் டேப்பாவது கசங்கியிருக்கும். பாட்டி விஷயத்தில் ஒரு சாண்கூட ஜாஸ்தி, நாலு வினாடிக்கு மேல பாட்டு அது. அதனால ரீல் மேல ஒரு கறுப்புக் கோடு, எதிரே ஒரு இன்ஃப்ராரெட் சென்சார். கோடு நேரத்துக்கு வரலைன்னா நிறுத்தம். ஒரு வெத்து கேசட்டில் பென்சிலால் ரீலைப் பிடிச்சு நிறுத்திச் சோதிச்ச பிறகுதான் அசல் கேசட்டை உள்ளே வச்சேன்.

மோட்டார் வேகம் நிலையாக இருக்கு, சரி. அது சரியான வேகமா? அப்பா பேட்டரியில் பதிவு செய்திருந்தார். பேட்டரி இறங்கியிருந்து டேப் மெதுவாக ஓடியிருந்தால், இப்போ சரியான வேகத்தில் போட்டால் சுருதி மேலே போகும். கரண்டில் பதிவானவற்றில் மெல்லிய 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இருக்கும், அதை அளவுகோலாக வைக்கலாம் என்பார்கள். அந்தக் காலத்தில் தென்னிந்திய மின்சாரம் 50-க்குக் கீழே இறங்குவது சகஜம், அதனால அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

எனக்கு வேறொன்று கிடைத்தது. பாட்டி பாடியது துருத்தி வைத்த சுருதிப்பெட்டியோடு, அது இன்னும் பரணில் இருக்கு. அதன் பித்தளை ரீடுகள் சுருதி பெரிசா மாறாது. இறக்கித் துடைத்து ஊதிப் பார்த்தேன், ஷட்ஜம் 392 ஹெர்ட்ஸ், சுத்தமான அஞ்சு கட்டை. கேசட்டில் அதே ஷட்ஜம் 404-ல் நின்றது, 3 சதவீதம் கூட. நிரலில் வேகத்தை 3 சதவீதம் குறைத்து முதல் பக்கத்தை ஓட்டினேன். கீர்த்தனை முடியும்போது ஷட்ஜம் 394. ரெண்டாம் பக்கத்துக்குத் தனியாக அளக்கணும், அதற்குள் அப்பாவின் பேட்டரி இன்னும் இறங்கியிருக்கும்.