தீவகத்தின் நிலப்படமும் திறந்தமூல மென்பொருட்குத் துணைநாடும் நெறியும்

ஒரு நிலத்தை அறிதற்கும் ஆளுதற்கும் மக்கள் கைக்கொண்ட கருவிகளுள் நிலப்படம் தலையாயது. படத்தை வரைந்தவர் இட்ட பெயரே ஏட்டில் நிலைபெறுதல் உலகியற்கை. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலிற் பரந்து கிடக்கும் தீவகத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், இத்தீவுகளுக்குத் தம் தாய்நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லைடன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் எனவும், நயினாதீவு ஹார்லெம் எனவும், அனலைதீவு ரொட்டர்டாம் எனவும் அவர்தம் படங்களிற் குறிக்கப்பட்டன. அவை வழக்கொழிந்து போக, நெடுந்தீவுக்கு இடப்பட்ட டெல்ஃப்ட் என்னும் பெயர் மாத்திரம் இன்றும் வழங்குகின்றது. ஊர்காவற்றுறையைக் குறிக்கும் கயிற்ஸ் என்பதும் துறைமேடை எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபேயாம்.

அந்நியர் இட்ட பெயர்கள் இவ்வாறு ஏடுகளில் வாழ, ஊரவர் நாவில் வழங்கிய குறிச்சிகளின் பெயர்களும், ஒழுங்கைகளின் பெயர்களும், துரவு, கேணி, கிணறு என்பவற்றின் பெயர்களும் பெரும்பாலும் எப்படத்திலும் ஏறவில்லை. அவை முதியோரின் நினைவையே உறைவிடமாகக் கொண்டவை. 1990 ஆம் ஆண்டையடுத்து நிகழ்ந்த இடப்பெயர்வினால் தீவக மக்கள் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் சிதறுண்டனர். ஒரு முதியவர் மறையுந்தோறும் சில இடப்பெயர்களும் உடன் மறைகின்றன. நன்னீர் அரிதாகிய நெடுந்தீவிலோ, எக்கிணறு நன்னீர் தரும், எது உவர்ப்பட்டது என்னும் அறிவும் அவற்றோடு மறைகின்றது. ஆதலின், தீவகத்தாரே தம் நிலத்தைப் படமாக்குதல் காலந்தாழ்த்தத் தகாத கடமையாகின்றது.

இதற்குரிய கருவிகள் இக்காலத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. கேரி ஷேர்மன் என்பவர் 2002 ஆம் ஆண்டில் தொடங்கிய கியூஜிஐஎஸ் என்னும் மென்பொருள் நிலப்படம் வரைதற்கும் ஆராய்தற்கும் உலகெங்கும் பயன்படுகின்றது. ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் 2004 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப், எவரும் தம் ஊரை வரைந்து சேர்த்தற்குரிய பொது நிலப்படமாகும். அதன்கண் ஓரிடத்தின் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே பதிதல் கூடும். இத்தகைய மென்பொருளின் மூலநிரல் யாவரும் காணவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் திறந்து கிடத்தலின், அது திறந்தமூல மென்பொருள் எனப்படும்.

இதன் இயல்பை யாழ்ப்பாணத்தார்க்கு விளக்கப் பங்குக் கிணறு போதிய உவமையாகும். பங்குக் கிணற்றில் நீர் அள்ளுவோர் விலை கொடுப்பதில்லை; எனினும் கிணறு தூர்ந்தவிடத்து இறைத்துத் துப்புரவாக்கும் கடன் பங்காளர் அனைவர்க்கும் உண்டு. அவ்வாறே திறந்தமூல மென்பொருள் பழுதுற்றவிடத்து ஓடிவந்து திருத்தும் விற்பனையாளர் எவருமிலர். துணை செய்வோர், அதே கருவியைப் பயன்படுத்தும் பிறரேயாவர். அவர் தம் ஓய்வு நேரத்தை ஈந்து விடை கூறுவோர். கூலிக்கு அமர்ந்தோர் அல்லர். இவ்வுண்மையை உணராதார் துணைபெறுதல் அரிது.

பொதுவான சொற்களை விடுத்து ஓர் இடர்ப்பாட்டை எடுத்து நோக்குவோம். நெடுந்தீவின் கிணறுகளைப் பழைய நில அளவைக் குறிப்புகளிலிருந்து படமாக்க ஒருவர் முயல்கின்றார் எனக் கொள்வோம். செயற்கைக்கோட் படத்தின்மீது அக்குறிப்புகளை ஏற்றியவுடன், மேலைக் கரையோரத்துக் கிணறுகள் கடலுள் நிற்கின்றன. மென்பொருள் பிழைபட்டதென அவர் முடிவு கட்டலாம். உண்மை வேறு. பழைய அளவைகள் எவரெஸ்ட் கோளவுருவையும் கண்டவல என்னும் ஆதாரத்தையும் அடிப்படையாகக் கொண்டவை. இன்றைய கைக்கருவிகளோ 1984 ஆம் ஆண்டின் உலகப் பொது ஆதாரத்தைப் பின்பற்றுகின்றன. இரண்டிற்கும் இடையே இப்பகுதியில் இருநூறு மீற்றருக்கு மேற்பட்ட வேறுபாடு உண்டு.

கட்டக் குறியீட்டிலும் இத்தகைய தடுமாற்றம் நேரும். பழைய இலங்கைக் கட்டத்திலும் 1999 ஆம் ஆண்டின் புதிய கட்டத்திலும் பிதுருதலாகலை மலையே தொடக்கப்புள்ளியாகும். ஆயின் அப்புள்ளிக்குப் பழைய கட்டம் கிழக்கிலும் வடக்கிலும் 200,000 என்னும் எண்ணையும், புதிய கட்டம் 500,000 என்னும் எண்ணையும் வழங்குகின்றது. பழையதைப் புதியதாகக் கொண்டால் நெடுந்தீவு கன்னியாகுமரிக்கும் தெற்கே நடுக்கடலிற் போய் நிற்கும். பழையதற்கு 5234, புதியதற்கு 5235 என்னும் குறியீட்டெண்ணைத் தெரிந்து கொடுத்தலே இதற்கு மருந்தாம்.

இனி, துணைநாடும் முறையை ஆராய்வோம். மேற்குறித்தவர், "என் படம் சரிவரவில்லை, உதவுக" என்று மாத்திரம் எழுதுவாராயின் எவரும் விடை கூற இயலாது. நோயின் குறிகளைக் கூறாதானுக்கு மருத்துவன் யாது செய்வான்? முதற்கண், மென்பொருளோடு வரும் கையேட்டையும், முன்னர்ப் பிறர் கேட்டுப் பெற்ற விடைகளையும் நோக்குதல் வேண்டும். அதன்பின், மென்பொருளின் எப்பதிப்பு, கணினியின் இயங்குதளம் யாது, தரவு எங்கிருந்து பெறப்பட்டது, எக்குறியீட்டெண் கொடுக்கப்பட்டது, செய்த செயல்கள் எவை, எதிர்பார்த்தது யாது, நிகழ்ந்தது யாது என்பவற்றை வரிசையாகக் கூறல் வேண்டும். பிழைச் செய்தி தோன்றின் அதனைச் சுருக்காது எழுத்துக்கெழுத்து எடுத்தெழுதுக. கோப்பு முழுவதையும் அனுப்பாது, அதே பிழையைக் காட்டும் இரண்டொரு கிணறுகளை மாத்திரம் கொண்ட சிறு மாதிரியை இணைப்பின், காண்போர் விரைவில் உண்மை உணர்வர். அம்மாதிரியிற் காணி உடையார் பெயரும் உறுதி இலக்கமும் இருப்பின் அவற்றை நீக்கிவிடுதல் இன்றியமையாதது.

இவ்வாறு எழுதும்பொழுதே பலர் தம் பிழையைத் தாமே கண்டுகொள்வர். பிழை மென்பொருளினதே என்பது தெளிவாயின், அதனை ஆக்குவோர்க்கு முறையாக அறிவித்தல் வேண்டும். அவ்வறிவிப்பு உலகத்துப் பயனாளர் அனைவர்க்கும் செய்யும் தொண்டாகும். குறித்த நாளுக்குள் முடிக்கவேண்டிய பெரும்பணி உடைய நிறுவனங்கள் ஊதியம் பெற்றுத் துணைசெய்யும் வல்லுநரை அமர்த்துதலும் தக்கதே. திறந்தமூலம் என்பது உழைப்புக்கு விலையில்லை என்னும் பொருளதன்று.

துணைபெறுதல் மாத்திரம் இலங்கையர்க்கு உரியதன்று. துணைசெய்தலும் அவர் செய்துகாட்டியதே. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நிகழ்ந்தபொழுது, இலங்கையின் மென்பொருள் வல்லுநர் தொண்டர்களாய்த் திரண்டு சகனா என்னும் திறந்தமூல இடர்நிவாரண மென்பொருளை ஆக்கினர். அது 2005 ஆம் ஆண்டில் பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபோதும் பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டுக்குரிய, சமூக நன்மைக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் விருதையும் பெற்றது.

எனவே விடை பெற்றவர் அவ்விடையாற் பயன் விளைந்ததா என்பதைத் தெரிவித்தலும், அதனைத் தமிழில் எழுதிவைத்தலும் கடனாகும். கண்டவல ஆதாரம் பற்றிய தெளிவான தமிழ்க் குறிப்பொன்று இருக்குமாயின், அடுத்து வரும் மாணவன் அதே கடலுள் விழமாட்டான். பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் முதியோரை அணுகிப் பெயர்களைத் திரட்டவும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சார்ந்தோர் நுட்பத் துணை நல்கவும் முன்வருவாராயின், அனலைதீவு முதல் நெடுந்தீவு வரை ஒவ்வொரு துரவும் தன் பெயரோடு படத்தில் ஏறும். வள்ளுவர் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தனர். பெற்ற அறிவைப் பொதுவில் வைக்கும் இவ்வழக்கமும் அவ்வொப்புரவின்பாற்பட்டதே என்க.