தாய்மையும் இடுப்புத்தளப் பயிற்சியும்

தண்டவாளம், பாலம் என்று காலம் கழித்த ரயில்வே இன்ஜினியருக்கு மகப்பேறு பற்றி எழுத என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த விஷயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லாததால் என் வீட்டிலேயே ஒருவர் முப்பது வருடங்களுக்கு மேல் கஷ்டப்பட்டார். அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

பாஸ் கையில் இருந்தும், ஊருக்கு ரயிலில் போகலாம் என்றாலே என் மனைவியின் முகம் வாடிவிடும். தில்லியில் ஏறினால் இடார்சி, பல்லார்ஷா தாண்டியும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கமாட்டாள். பிடிவாதம் என்று நினைத்துக் கோபித்துக்கொள்வேன். பிறகு எங்கள் மகள் கருவுற்றாள். தும்மினாலும் இருமினாலும் சிறுநீர் கசிகிறது என்று தாயிடம் சொல்லி அழுதிருக்கிறாள். "நீ பிறந்ததிலிருந்து எனக்கும் அப்படித்தான். பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்" என்றாளாம் தாய். மகள் பொறுத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் சொன்னாள். அவர் பிசியோதெரபி நிபுணரிடம் அனுப்பினார். அவள் அங்கு கற்றதையும், நான் பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதையும் இங்கே தருகிறேன்.

முன்புறப் பூப்பெலும்பிலிருந்து பின்புற வால் எலும்பு வரை தூளி கட்டியதுபோல் இருப்பவை இடுப்புத்தளத் தசைகள். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குபவை இவையே. கர்ப்ப காலத்தில் குழந்தை, நஞ்சு, பனிக்குட நீர் ஆகியவற்றின் பாரம் மாதாமாதம் ஏறுகிறது. உடலில் சுரக்கும் ஹார்மோன்கள் தசைநார்களையும் தளர்த்துகின்றன. தூளி தொய்ந்தால் கசிவு வருகிறது. பிற்காலத்தில் கருப்பை இறங்குவதற்கும் இந்தத் தளர்ச்சி ஒரு காரணமாகலாம்.

இந்தத் தசைகளுக்கான பயிற்சியை 1948ல் மருத்துவ உலகில் பரப்பியவர் அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்ட் கெகல். 21 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் அதிகமான பெண்களிடம் நடந்த 46 ஆய்வுகளை 2020ல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. கசிவு இல்லாத பெண்கள் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பயிற்சி செய்தால், கடைசி மாதங்களில் கசிவு வரும் வாய்ப்பு சுமார் 62 சதவீதம் குறைகிறது என்று அது கூறியது. ஆகவே வளைகாப்பு வரை காத்திராமல் முன்பே தொடங்குவது நல்லது.

செய்முறை எளிது. நாற்காலியில் உட்கார்ந்தோ, ஒருக்களித்துப் படுத்தோ செய்யலாம். வாயுவையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல் உள்பக்கமாக இறுக்கி மேலே தூக்க வேண்டும். ஆறு முதல் எட்டு விநாடி வரை நிறுத்தி, பிறகு அதே அளவு நேரம் முழுவதும் தளர்த்த வேண்டும். முதலில் மூன்று விநாடிதான் முடிந்தது என்றால் அதுவே போதும். ஒரு வேளைக்கு எட்டு முறை, நாளைக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது. தொடையையும் பிட்டத்தையும் இறுக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதும் தவறு. தும்மலோ இருமலோ வரும்போது, அதற்கு முன்பே ஒரு முறை இறுக்கிக்கொள்வது நல்ல உத்தி.

தளர்த்துவதும் பயிற்சியின் பாதி. தண்டவாளத்தைப் பிடிக்கும் ஸ்பிரிங் கிளிப் வளைந்து கொடுப்பதால்தான் அதன் பிடி நிலைக்கிறது. விறைப்பான ஆணி அதிர்வில் கழன்றுவிடும். தசையும் அப்படியே. பிரசவ நேரத்தில் குழந்தைக்கு வழிவிட அது இளகத் தெரிந்திருக்க வேண்டும். சிலருக்குத் தசை ஏற்கெனவே இறுகியிருந்து வலி தரும். அவர்கள் இறுக்கும் பயிற்சியைத் தாமாகச் செய்யாமல் பிசியோதெரபி நிபுணரைப் பார்க்க வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரையால் மலச்சிக்கல் வரலாம். முக்குவது தசையைத் தளர்த்தும் என்பதால் கீரை, பழம், தண்ணீர் அவசியம். கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது பெரிய தவறு. சிறுநீர் போகும்போது எரிச்சல், இரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிவு, விட்டு விட்டு வரும் வலி ஆகியவை இருந்தால் பயிற்சியை நிறுத்தி உடனே டாக்டரிடம் செல்ல வேண்டும்.

தாய்வீடு ஆயிரம் மைல் தள்ளியிருக்க, இங்கே தனியாகக் கர்ப்பத்தைச் சுமக்கும் பெண்கள் நம் சங்கக் குடும்பங்களில் பலர். இதை இந்தியில் டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சமும் உண்டு. மாமியார்களும் கணவன்மார்களும் தாமாகவே கேட்டறிந்து உடன் செல்ல வேண்டும். பெரிய அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. வயதானவர்களும் இந்தப் பயிற்சியைச் செய்யலாம். பலன் தெரியச் சுமார் மூன்று மாதம் ஆகும்.

என் மனைவியும் மகளுடன் சேர்ந்து செய்யத் தொடங்கினாள். கசிவு முழுவதும் நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் சென்ற முறை ஊருக்குப் போனபோது, இடார்சி ஸ்டேஷனில் தானே கேட்டு ஒரு டீ வாங்கிக் குடித்தாள். முப்பது வருடங்களுக்கு முன்பே நான் ஏன் என்று கேட்டிருக்கலாம்.