மணலில் இறங்கும் முன்

வாரநாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் அம்மாவைக் கிளினிக்குக்கும் ஏற்றிப்போகும் அதே பஜிரோதான் ஞாயிறன்று தலைமன்னார் மணலிலும் இறங்குகிறது. திங்கட்கிழமையும் அது ஓடவேண்டும் என்பதை மனதில் வைத்தே ஆயத்தம் செய்யுங்கள், சகோதரிகளே.

முதல் வேலை ரயர். பெரிய ரயர் பூட்ட ஆசைப்பட வேண்டாம். டீசல் செலவு கூடும், பிறேக்கும் மந்தமாகும். தார் வீதியில் 30 இறாத்தல் காற்று என்றால், மணலில் 18 வரை இறக்குங்கள். ரயர் பரந்து மணலின் மேல் மிதக்கும். ஆனால் அந்தக் காற்றோடு சட்டென்று திருப்பினால் ரயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். மீண்டும் வீதிக்கு ஏறியதும் காற்றடிக்கச் சிறிய பம்பும் காற்று மானியும் கட்டாயம். (இவை இல்லாமல் அலோய் சில்லுக்குச் செலவழிப்பவர்களை என்னவென்பது!)

ஜக்கின் கீழே வைக்க அகலப் பலகை, ஒரு மண்வெட்டி, இழுவைப் பட்டி எடுங்கள். பட்டியைச் சேஸிக் கொளுக்கியிலேயே மாட்டுங்கள். ட்ரெய்லர் பூட்டும் உருண்டையில் மாட்டினால் அது முறிந்து பறக்கும். அவுஸ்திரேலியாவில் இதனால் உயிர்களே போயிருக்கின்றன.

2010இல் ராம்சார் ஈரநிலமான வங்காலைப் பக்கம் காய்ந்த சேறு ஏமாற்றும். மேலே வெடிப்பு, கீழே கூழ். பூநாரைகள் இரை தேடும் இடம் அது. வாகனத்துக்கு அங்கே வேலையில்லை. பெருநிலப்பரப்பில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால், வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

ஆழத் தண்ணீர் கடந்திருந்தால் டிஃபரன்சியல் எண்ணெயைப் பாருங்கள். பால்போல வெளுத்திருந்தால் உடனே மாற்றவேண்டும். கடல் உப்பு இரும்பைத் தின்னும். அன்றிரவே அடித்தட்டை நன்னீரால் கழுவிவிடுங்கள்.